காற்றாலைக்குப் பூக் கேட்டார்கள்

“அந்தக் கரடு கருப்பனாருதுங்க. அவரைக் கேக்காம உச்சியில காத்தாலை நட்டா ஊருக்கு ஆகாது.”

ஊர்ப் பெரியவர் சுப்பையன் இப்படிச் சொன்னதும், காற்றாலைக்குப் பங்கு போட்டிருந்த அறுபது குடும்பத்தாரும் அந்தக் குன்றின் உச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்பப் பூக் கேட்டுப் போடலாமுங்க” என்றாள் சங்கச் செயலாளர் மைதிலி.

வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று என மடித்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றைப் பூசாரி எடுப்பார். வெள்ளைப் பூ வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் கைவிட வேண்டியதுதான். இரண்டு வருடம் காற்றை அளந்து, அலுவலகம் அலுவலகமாக அலைந்து வாங்கிய அனுமதி இப்போது ஒரு பூவில் நின்றது.

மைதிலியே இரண்டு பொட்டலங்களையும் மடித்து, சங்கத் தலைவர் பாலசுந்தரத்திடம் கோயிலுக்குக் கொடுத்தனுப்பினாள். ஊருக்கென்று சொந்தக் காற்றாலை வேண்டும் என்று முதலில் சொன்னவரே அவர்தான். எந்தத் தாளையும் மூன்று முறை சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாத மனிதர்.

பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு அரளி.

மைதிலி முன்னால் வந்தாள். “அந்த இன்னொண்ணையும் பிரிங்க” என்றாள்.

அதில் வெள்ளைப் பூ இருந்தது.

“சாமி தெளிவாச் சொல்லிப்போட்டாருங்க” என்றார் சுப்பையன். கூட்டம் கலைந்தது.

பாலசுந்தரம் கலங்கிய கண்களோடு அவளருகே வந்தார்.

“நம்ம நேரம், அம்மணி. வார வழியில எதுக்கும் ஒருக்காப் பிரிச்சுப் பாத்தேன். அவசரத்துல நீ ரெண்டுலயும் வெள்ளையே வெச்சு மடிச்சிருந்த. நான்தான் ஒண்ணுல சிவப்பை மாத்தி வெச்சேன். நல்லவேளை, இல்லீன்னா ஊருக்கு முன்னால உம்பேரு கெட்டிருக்கும்.”