கால் மிஷினா, கை மிஷினா

டக்.

ஒரே மிதி. படச் சட்டத்தின் இரண்டு துண்டுகளும் மூலையில் கவ்விக்கொண்டன.

"அவ்வளவுதானுங்க பாய்," என்றார் கோயமுத்தூரிலிருந்து மிஷின் விற்க வந்த மருதாசலம், பெடலிலிருந்து காலை எடுத்தபடி. "ஆணி வேண்டாம், சுத்தியல் வேண்டாம். அடியிலிருந்து தகடு ஏறி ரெண்டு கட்டையையும் புடிச்சுக்கும். அப்புறம் எவனாலயும் புடுங்க முடியாதுங்க. புடுங்கினா கட்டைதான் பிளக்கும்."

மந்தாரக்குப்பம் கடைவீதியில் நூருல்லாவின் பிரேம் கடையைத் தெரியாதவர் இல்லை. சாமி படமோ, கல்யாண போட்டோவோ, ரிட்டையர் ஆகிறவரை நடுவில் உட்காரவைத்து மொத்த ஷிப்டும் நின்று எடுத்த குரூப் போட்டோவோ, சுரங்க டவுன்ஷிப்பிலிருந்து சைக்கிள் கேரியரில் இங்கேதான் வந்து சேரும்.

நூருல்லா அந்த மூலையைக் கையில் வாங்கினார். கையை முழுசாக நீட்டி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

கடைக்கும் பின்னாலிருந்த வீட்டுக்கும் நடுவே இருந்த கதவில் சாய்ந்து நின்ற அவர் மனைவி ஜுலைகா, நீண்ட அந்தக் கையையே பார்த்தாள்.

பொருளை அவர் தள்ளிப் பிடிக்கிற தூரம் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகிறது. கிட்டத்தில் இருக்கிற எதுவும் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. நாளெல்லாம் கண்ணாடி அறுக்கிற மனுஷன், மூக்குமேல் ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பீடி மண்டி நோட்டீஸைப் படிக்க முடியாவிட்டால், அச்சடித்தவன் சரியில்லை என்பார்.

ஆணி கோணலாகப் போனால் பிடுங்கலாம். இந்த மிஷின் அடித்தால் அடித்ததுதான்.

ஆயுத பூஜைக்கு மைன்ஸில் செக்‌ஷன் செக்‌ஷனாகச் சரஸ்வதி படம் கேட்டிருந்தார்கள். கண் தெரியாமல் மிதித்துத் தள்ளினால், அத்தனை மூலையும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கடையின் பேர் போவது இருக்கட்டும். இவர் தாங்க மாட்டார்.

வாசலில் நின்ற வேனிலிருந்து இன்னொரு மிஷினையும் இறக்கி ஓரமாக வைத்திருந்தார் மருதாசலம். பழைய மாடல். நீளமான கைப்பிடி. பின்னால் நின்று ஒருவர் இழுக்க, முன்னால் உட்கார்ந்து இன்னொருவர் மூலையைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

முன்னால் உட்காருகிறவருக்குக் கண் தெரிந்தால் போதும்.

ஜுலைகா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு களத்தில் இறங்கினாள்.

"ஏங்க, சாமி படத்துக்குச் சட்டம் போடறோம். அதைப் போய்க் காலால மிதிச்சிக்கினு இருந்தா, பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

மருதாசலம் பெடல் பக்கத்திலிருந்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சரியான அடி.

ஆனால் முருகன் படத்துக்குச் சட்டம் போட வந்து பெஞ்சில் காத்திருந்த சடையப்பன் காரியத்தைக் கெடுத்தார். மைன்ஸில் பெல்ட் ஆப்பரேட்டர் அவர்.

"தையல் மிஷினையும் காலாலதான் மிதிக்கறாங்க தங்கச்சி. அதுல தெச்ச பாவாடையை அம்மனுக்குச் சாத்தலையா? ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நல்லா கேட்டீங்க," என்று நூருல்லா சிரித்தார்.

யா அல்லா, இந்த ஆளுக்கு இன்றைக்கு ஷிப்ட் இல்லையா என்று ஜுலைகா மனதுக்குள் கேட்டுக்கொண்டாள்.

விடவில்லை.

"மிதிச்சி மிதிச்சி உங்க முட்டி வலி அதிகமாயிடும்."

"எனக்கு ஏது முட்டி வலி?"

"வரும்."

சடையப்பன் சத்தமாகவே சிரித்துவிட்டார். மருதாசலம் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். ஜுலைகாவிடம் வேறு சரக்கு இல்லை. உண்மை ஒன்றுதான் பாக்கி. அதை நாலு பேர் முன்னால் சொல்வதற்கு அவள் நாக்கு எழாது.

பள்ளிவாசலில் லுஹர் என்கிற மதியத் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது.

நூருல்லா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். இரண்டு மிஷினையும் ஒருமுறை பார்த்தார்.

"கால் மிஷினை வேன்ல ஏத்திக்கங்க. கை மிஷின் இருக்கட்டும்."

மருதாசலத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "பாய், அதுக்கு ரெண்டு ஆள் வேணுமுங்க."

"ரெண்டு ஆள் இருக்கோமே."

முட்டி பயம் வேலை செய்துவிட்டது என்று ஜுலைகாவுக்கு மூச்சு வந்தது. சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் உள்ளே திரும்பப் போனாள்.

நூருல்லா கதவருகே வந்து நின்றார். அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"தெனம் நான் தொழப் போனதும் நான் அடிச்ச ஆணியெல்லாம் புடுங்கி, நீ திருப்பி அடிக்கறியே, அந்தச் சத்தம் பள்ளிவாசல் வரைக்கும் கேக்குது. யாருப்பா அது உன் கடையிலன்னு ஹஜ்ரத்தே கேட்டுட்டாரு. என்னைவிட நல்ல வேலைக்காரன்னு சொல்லி வெச்சிருக்கேன்."