பன்னிரண்டாவது சீதனம்

கரீமுல்லா கான் தன் கையாலேயே மருமகனுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்ததைப் பார்த்து தாஹிருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. லக்னோவில் எந்தப் பெரிய மனிதர் முன்னாலும் முதுகு வளையாத தபலாக்காரர் அவன் அப்பா.

"போட்டுக்குங்க மாப்பிள்ளை. பயணக் களைப்பு தீரும்."

இர்ஷாத் வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டான். "களைப்பு கிடக்கட்டும் மாமா. சாயங்கால ரயிலுக்குள்ள முடிச்சுடலாமா? வெள்ளிக்கிழமை பரேலியில என் கச்சேரி. தில்லித் தபலா மேதை குத்புதீன் சாகிபே வந்து முன்வரிசையில உக்காரப் போறார்."

அக்கா சக்கீனாவின் கல்யாணத்தில் நகை அதிகமில்லை. தபலாக்காரர் வீட்டுப் பெண்ணுக்குச் சீதனம், முன்னோர்கள் கட்டிவைத்த தாளச் சொற்கட்டுகள்தான். பதினொன்று கொடுத்தார்கள். கொடுத்த வீடு அதன்பின் அவற்றை வாசிக்கக் கூடாது என்பது சத்தியம். மூன்று வருடமாகத் தாஹிரின் விரல்கள் அந்தப் பதினொன்றையும் தொட்டதில்லை.

பன்னிரண்டாவதாக ஒன்று உண்டு, அதைப் பெற்ற மகனுக்குக்கூடக் கான் சொல்லித் தரவில்லை என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சு அக்கா வாழப்போன பரேலிவரை போனதுதான் வினை. போன பெருநாளுக்கு வந்தபோது அக்காவின் முழங்கையில் சூட்டுத் தழும்பு. ரொட்டிக்கல் பட்டுவிட்டதாம். "அதையும் கொடுத்துடச் சொல்லுடா அப்பாவை" என்று மட்டும் தாஹிரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போதெல்லாம் அசையாத அப்பா, முந்தாநாள் பரேலியிலிருந்து வந்த வளையல்காரரிடம் வாசலிலேயே நின்று வெகுநேரம் பேசினார். உள்ளே வந்து, "மாப்பிள்ளை வருவான். கேக்கறதைக் கொடுத்துடப் போறேன்" என்றார். அதன்பிறகு அவர் சாப்பிட்டதைத் தாஹிர் பார்க்கவில்லை.

"பதினொண்ணு பத்தலையா மச்சான்?" தாஹிரால் அடக்க முடியவில்லை.

"உங்க பொண்ணு எங்க வீட்டுல இருக்கிறவரைக்கும் கேக்குற உரிமை எங்களுக்கு உண்டு" என்று இர்ஷாத் சிரித்தான். "சும்மாவும் கேக்கலை. அவளுக்கு உடம்பு முடியலை. இதைக் கொண்டுபோனா எங்கம்மா மனசு இளகும். அவளுக்கும் நிம்மதி."

"தாஹிர், நீ வாயை மூடிட்டுத் தாளம் போடு" என்றார் அப்பா.

பதினாறு மாத்திரை. தாஹிர் கையால் எண்ணிக்கொண்டே பார்த்தான். அவர்கள் வீட்டு வாசிப்பில் உள்ளங்கை முழுவதும் தபலாவில் பேசும். அன்று அப்பா இரண்டே விரல்களால் விளிம்பை ஒட்டியே வாசித்தார். மழைத்துளி தகரத்தில் விழுவதுபோலச் சொற்கள் ஓடி, முதல் மாத்திரையில் வந்து நச்சென்று உட்கார்ந்தன.

"விரல் விளிம்பை விட்டு நகரவே மாட்டேங்குதே மாமா?"

"அதான் இதோட அழகு. ஒளிச்சு வெச்சதும் அதுக்குத்தான்."

இர்ஷாத் கெட்டிக்காரன். நாலு மணிக்குள் ஒரு சொல் பிசகாமல் பிடித்துவிட்டான். "வெள்ளிக்கிழமை, இது எங்க வீட்டுச் சீதனம்னு சபையில எழுந்து சொல்லிட்டுத்தான் வாசிப்பேன்" என்றான்.

"கட்டாயம் சொல்லுங்க" என்றார் கான்.

அம்மா திரைக்குப் பின்னாலிருந்து மாங்காய் ஊறுகாய் ஜாடியை நீட்டினாள். "சக்கீனா வாய்க்கு ருசியா ரெண்டு வாய் சாப்பிடட்டும்."

"ரயில்ல கூட்டம் அத்தை. உடைஞ்சுடும்."

"கொடுத்துவிட வேணாம், உள்ள வை" என்றார் அப்பா, அவள் பக்கம் திரும்பாமல்.

குதிரைவண்டி தெருமுனை திரும்பும்வரை தாஹிர் பொறுத்தான். பிறகு வெடித்தான்.

"தாத்தாவோட தாத்தா சொத்துப்பா அது! சொந்தப் பிள்ளைக்கு இல்லாம அந்தத் தடியனுக்கா?"

"நம்ம சொத்து இல்லைடா." அப்பா தபலாவின் மேல் துணியைப் போர்த்தினார். "பன்னிரண்டாவதுன்னு நம்மகிட்ட ஒண்ணும் கிடையாது. எத்தனையோ தடவை சொல்லிட்டேன், அவங்க நம்பலை. இது தில்லி குத்புதீன் சாகிப் வீட்டுது. சின்ன வயசுல அவர் ஜன்னலுக்கு வெளியில ஒளிஞ்சு நின்னு கேட்டேன். நாப்பது வருஷமா ஒரு தடவை கை வெச்சதில்லை."

தாஹிருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. தன் வீட்டுச் சொற்கட்டை வேறொருவன் தன் சொத்து என்று சபையில் வாசித்தால், குத்புதீன் சாகிப் அங்கேயே எழுந்து நிற்பார். திருடன் என்று பெயர் விழுந்த தபலாக்காரனை அப்புறம் எந்த மேடையும் சேர்க்காது.

"நீங்க கொடுத்ததுன்னு உங்களைக் கை காட்டுவானே?"

"காட்டட்டும். நான் இனிமே தபலாவைத் தொடப் போறதில்லை."

சிரிப்பு வந்தது தாஹிருக்கு. மறுகணமே அந்த முழங்கைத் தழும்பு கண்ணில் வந்து நின்றது.

"என்ன காரியம் பண்ணிட்டீங்கப்பா! சபையில மானம் போனா நேரா வீட்டுக்குத்தான் போவான். அக்காவை உயிரோட விடுவானா? ஓடுறேன், ரயில் கிளம்பறதுக்குள்ள ஏதாவது சொல்லித் தடுத்துடறேன்."

செருப்பைக்கூட மாட்டாமல் வாசலிறங்கப் போனவனின் கையை அப்பா பிடித்தார். திரைப்பக்கம் ஒருமுறை பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவளை அடக்கம் பண்ணி நாலு நாளாச்சுடா."