சுண்டெலி கொண்டுவந்த சேதி

பூமிக்கடியில் வட்டமாக ஓடும் ஒரு சுரங்கத்தில் இரண்டு பெரிய கருவிகள் இருந்தன. ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. புரோட்டான்கள் எதிரும் புதிருமாக வந்து மோதிச் சிதறும்போது, புதிய துகள் ஏதாவது தெறிக்கிறதா என்று பார்ப்பதுதான் இரண்டுக்கும் வேலை. வேலை முடியும்வரை ஒன்று கண்டதை மற்றொன்று கேட்கக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு.

ஒருநாள் வடக்கின் வரைபடத்தில் கோடு ஓரிடத்தில் லேசாக மேடிட்டது. புதுத் துகள் வந்தால் அப்படித்தான் மேடு எழும். அந்தச் சுரங்கத்திலேயே குடியிருந்த சுண்டெலி ஒன்று அதைப் பார்த்துவிட்டுத் தெற்கே ஓடியது. சாயங்காலமே மூச்சிரைக்கத் திரும்பி வந்தது.

"தெற்குக்கும் அதே இடத்துல மேடு தெரியுதாம்! புதுத் துகளேதான்!"

"வாயை மூடு. அதையெல்லாம் என் காதுல போடாதே," என்றது வடக்கு.

"அது முந்திக்கிட்டு ஊருக்கெல்லாம் சொல்லிடும். பேரு அதுக்குப் போயிடும்."

"போகட்டும். எனக்கு இன்னும் பல கோடி மோதல் பாக்கி இருக்கு."

ஆசை வடக்கையும் பிடித்து உலுக்கத்தான் செய்தது. ஆனாலும் அது பல்லைக் கடித்துக்கொண்டு மாதக்கணக்கில் மோதல்களை எண்ணியது. எண்ண எண்ண மேடு கரைந்து, கடைசியில் கோடு தட்டையாகக் கிடந்தது.

அதற்குள் தெற்கு உலகத்துக்கே அறிவித்து, மாலையும் போட்டுக்கொண்டிருந்தது. சுண்டெலி அங்கே ஓடிப்போய், "வடக்குல ஒண்ணுமே இல்லையாம்!" என்றது.

தெற்குக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்ன விளையாடுறியா? வடக்கு பார்த்துச்சுன்னு நீ வந்து சொன்ன பிறகுதானே எனக்கே அது தெரிய ஆரம்பிச்சுது!"