எல்லார் ஃபோனிலும் ஒரே கோளாறு

“ஆப் இறங்கலை சார்.”

நேற்றும் இதே பாட்டுதான். புது சூப்பர்வைசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் ஓட்டல் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் சலவை நிலையம் அது. அவர் மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வந்ததுமே ஹெட் ஆபீஸ் அவர் தலையில் கட்டிய வேலை, இந்த வருகைப் பதிவு ஆப்.

காலையில் ஆப்பைத் திறந்து முகத்தைக் காட்டினால் வந்த நேரம் பதிவாகிவிடும். அடுத்த மாதத்திலிருந்து முகம் பதியாதவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஒரு கிளையில் யாருக்குமே ஆப் வேலை செய்யவில்லை என்றால் மட்டும் பழையபடி கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

அந்தச் சலுகையைத்தான் இவர்கள் பிடித்துத் தொங்குகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். கையெழுத்து என்றால் ஆடி அசைந்து வந்துவிட்டு, சீக்கிரம் வந்ததாக எழுதிக்கொள்ளலாம் அல்லவா?

“என் ஃபோன்ல உடனே இறங்குச்சு. உங்க ஃபோனுக்கு மட்டும் என்ன வந்துச்சு?”

“நெட் கிடைக்கலை போல சார்,” என்றார் வேன் டிரைவர்.

“இப்பத்தானே வீடியோ பார்த்துச் சிரிச்சுக்கிட்டிருந்தீங்க?”

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

“எனக்கு இடமில்லைன்னு வருது சார்.” இது துணி மடிக்கிற அக்கா.

சூப்பர்வைசர் அக்காவின் ஃபோனை வாங்கிப் பார்த்தார். “பாதி காலியா கிடக்கு. யார் காதுல பூ சுத்தறீங்க?”

“எனக்குச் சுத்திக்கிட்டே இருக்கு சார், நம்ம மெஷின் மாதிரி,” என்று தன் ஃபோனை நீட்டினார் வாஷிங் மெஷின்காரர்.

சூப்பர்வைசர் விடுவதாக இல்லை. அந்த ஃபோனை அணைத்துப் போட்டார். தன் நெட்டையே கொடுத்துப் பார்த்தார். வட்டம் சுற்றியதே தவிர ஆப் இறங்கவில்லை. அப்போதுதான் திரையின் மேலே தேதியைப் பார்த்தார். போன வருஷத் தேதி.

டிரைவரின் ஃபோனைப் பிடுங்கினார். அதிலும் போன வருஷம். அக்காவின் ஃபோன் அதற்கும் முந்தின வருஷத்தில் இருந்தது.

“தேதி தப்பா இருந்தா ஒரு ஆப்பும் இறங்காது. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? மூணு ஃபோன்லயும் தானாவா மாறும்? யார் சொல்லிக்கொடுத்தது இது?”

மூன்று பேரின் கண்ணும் மூலையில் இருந்த இஸ்திரி மெஷின் பக்கம் ஒரு தடவை போய்வந்தது. அதை அவர் கவனித்துவிட்டார்.

அங்கே மெஷின் இரைச்சலில் இந்தப் பேச்சு எதுவும் காதில் விழாமல் நின்றிருந்தாள் இஸ்திரி போடுகிறவள். எந்நேரமும் மாஸ்க். தலையில் நெற்றிவரை துணி. சாப்பிடும்போதுகூடச் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் உட்காருவாள். வந்த அன்றைக்கே அவர் மனசுக்குள் குறித்துவைத்த ஆள். ஊமை மாதிரி இருந்துகொண்டு எல்லாரையும் ஆட்டிவைக்கிறாளோ?

“ஓ, அங்கிருந்துதான் எல்லாம் கிளம்புதா?”

அக்கா குறுக்கே வந்தார். “அவகிட்ட வேண்டாம் சார். வேணும்னா எங்க மேல எழுதிப் போடுங்க.”

“இவ்வளவு வக்காலத்து வாங்கறீங்கன்னா ஏதோ இருக்கு. தள்ளுங்க.”

நேரே போய்க் கையை நீட்டினார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனைக் கொடுத்தாள். தேதி சரியாக இருந்தது. ஆப்பும் இருந்தது.

“இறங்கியிருக்கே! ஏன் சொல்லலை?”

“மத்தவங்க யாருக்கும் இறங்கலைன்னாங்க சார். அதுவரைக்கும் போகட்டும்னு இருந்துட்டேன்.”

“எதுவரைக்கும்? மாஸ்க்கை எடுத்துட்டு முகத்தைக் காட்டுங்க.”

அவள் தயங்கினாள். பிறகு மெதுவாகக் கழற்றினாள்.

கண்ணுக்குக் கீழிருந்து தாடைவரை ஒரு பக்கம் முழுக்கத் தோல் சுருங்கி, வாயை இழுத்துப் பிடித்திருந்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் சிரித்தது வேறு யாரோ மாதிரி இருந்தது.

ஃபோன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிவப்பாக எழுதியது: ‘இவர் நம் ஊழியர் அல்ல.’

“போன வருஷம் இந்த மெஷின்ல நீராவிக் குழாய் வெடிச்சுது சார். அட்டையில இருக்கறது அதுக்கு முந்தின மூஞ்சி. ஹெட் ஆபீஸ்ல கேட்டேன். படத்தை மாத்த முடியாது, முகம் ஒத்துப்போற வரைக்கும் சம்பளமில்லாம லீவுல இருங்கன்னுட்டாங்க.” அவள் மாஸ்க்கை மறுபடி மாட்டிக்கொண்டாள். “பாவம், இவங்க ஃபோனெல்லாம் என்னவோ மக்கர் பண்ணுது. சரியானதும் சொல்லுங்க சார், நானே வேலையை விட்டு நின்னுக்கறேன்.”

அவளுக்கு எதுவும் தெரியாது.

சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். மூன்று பேரும் தலையைக் குனிந்து நின்றார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது. இவர்களையா வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவர்கள் என்று நினைத்தோம்?

அவருடைய ஃபோன் அடித்தது. ஹெட் ஆபீஸ் மேனேஜர்.

“என்னாச்சு? அங்க ஆளுங்க ஏமாத்தறாங்கன்னு சொன்னீங்களே?”

“இல்ல சார், நல்லாப் பார்த்துட்டேன். நிஜமாவே கோளாறுதான். இங்க யாருக்கும் வேலை செய்யலை. கையெழுத்துதான் போடணும்.”

“யாருக்கும்னா? நேத்து உங்க முகம் பதிவாகியிருக்கே?”

சூப்பர்வைசர் இஸ்திரி மெஷின் பக்கம் பார்த்தார்.

“இன்னிக்கு என் முகமும் ஒத்துப்போக மாட்டேங்குது சார்.”