விரலை நீட்டுங்க

கணவனும் மனைவியும் கொடுத்திருந்த சிறுநீர்ப் பாட்டில்களைச் சோதித்துவிட்டு வந்தாள் சுகாதார நிலைய நர்ஸ்.

"அண்ணா, உங்களுக்குத்தான் சர்க்கரை காட்டுது. அக்காவுக்கு ஒண்ணும் இல்ல."

டிராக்டர் டிரைவரான கணவனுக்கு முகம் வெளிறிப்போனது. மனைவி பொரிந்து தள்ளினாள்.

"சொன்னா கேட்டாத்தானே! ஓயாம சிகரெட்டு, கண்ட நேரத்துல சாப்பாடு! என்னைப் பாருங்க சிஸ்டர். நான் உண்டு, என் தையல் மெஷின் உண்டுன்னு உட்கார்ந்திருக்கேன். பசிச்சாக்கூட சர்க்கரை தூக்கலா ஒரு டீயோட சரி."

"பயப்படாதீங்கண்ணா, ஆரம்பம்தான். ரத்தத்துலயும் ஒருதடவை பார்த்துடலாம். விரலை நீட்டுங்க."

அவன் மனைவியின் கையைப் பிடித்து நீட்டினான்.

"இவளுக்குப் பாருங்க சிஸ்டர். எனக்குச் சர்க்கரைன்னு வந்தா இவ என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாளேன்னு பயந்து, வர்ற வழியில பாட்டில்ல இருந்த பேரை மாத்தி ஒட்டிட்டேன்."

நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நல்லவேளை, இப்பவே சொன்னீங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா கட்டுப்படுத்திடலாம். அண்ணா, நீங்க சிகரெட்டை விடுங்க. அக்கா, அந்த டீயை விட்டுட்டு நேரத்துக்குச் சாப்பிடுங்க, தினமும் வேகமா நடங்க."

அவள் புருஷனை முறைத்தாள்.

"நடக்கிறேன் சிஸ்டர். முதல்ல இவரை ஓடச் சொல்லுங்க, துரத்திக்கிட்டே நடக்கிறேன்!"