நந்தா விளக்கு

பொன்னாத்தாள் மறைந்த பின்னும், அவளிடமிருந்து ஆய்வுக்கென எடுத்த புற்றுச் செல்கள் கோவை ஆய்வகத்தில் பெருகிக்கொண்டிருந்தன. அந்தியில் முதலிபாளையத்துப் பனியன் கம்பெனியைப் பூட்டி வந்த அவள் கணவர் கந்தவேல், முருகன் படத்தின்முன் வழக்கம்போல் விளக்கேற்றினார். கைப்பேசியில் அந்த ஆய்வகத்தின் ஆய்வாளர் வேல்விழி அழைத்தாள்.

“ஐயா, செல்லைப் பெருக வைக்கிற புரதத்தை முடக்குற மருந்தை நாளைக்குக் குடுக்கப் போறோம். ஆனா தினமும் சாயங்காலம் செல்லெல்லாம் பெருகாம தானா நின்னு, ராத்திரி மறுபடி பெருகுது. நேத்து நிக்கவே இல்ல.”

“நேத்து வெள்ளகோவில் போயிட்டனுங்க. ஊட்டுல வெளக்கு வெக்கலீங்க.”

“இப்ப நின்னுருச்சு, ஐயா.”

“நிக்கறப்ப மருந்து குடுத்தா அவ என்னாவா, கண்ணு?”

“பெருகுற செல்லைத்தான் மருந்து கொல்லும். நிக்கிறது பொழைச்சுக்கும்.”

கந்தவேல் எண்ணெய்ப் புட்டியுடன் விளக்கருகே அமர்ந்தார். அன்று விளக்கை மலையேற்றவில்லை. மறுநாள் கம்பெனியையும் திறக்கவில்லை.