கை தூக்கும் ஆதிலட்சுமி

"அந்த ஆதிலட்சுமி அக்காகிட்ட மட்டும், இந்த வாட்டி கை தூக்க வேணாம்னு சொல்லிடுங்க பிரதர். ஒரே பேஜாரா கீது" என்றார் சபைச் செயலாளர் துரை.

அருள்ராஜுக்குச் சிரிப்பு வந்தது. ஒடிசா மலைக்கு ஊழியத்துக்குப் போய், இளமையை அங்கேயே கரைத்துவிட்டு, இப்போதுதான் ஆரணிக்குத் தன் சொந்தச் சபையில் பேச வந்திருக்கிறார்.

"இன்னுமா தூக்குறாங்க?"

"வருஷா வருஷம். மிஷனரி ஞாயித்துக்கிழமை 'ஊழியத்துக்கு யார் போவீங்க'ன்னு கேக்க வேண்டியதுதான், மொத கை அதுதான். ஆனா பக்கத்துல கீற சேத்துப்பட்டத் தாண்டி எங்கயும் போனதில்ல. பசங்க சிரிச்சிகினு இருக்காங்க."

அருள்ராஜின் சிரிப்பு அடங்கியது. சர்க்கரை வியாதியில் அவருடைய கால் மரத்துவிட்டது. இனி மலையேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் இடத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால், அங்கே கட்டி வளர்த்த பள்ளிக்கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான். ஆள் தேடி வந்திருக்கும்போது இதென்ன விளையாட்டு?

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள் ஆதிலட்சுமி. பட்டு நூல் சுற்றிப் பிழைக்கிறவள்.

"இன்னா தம்பி, இப்படி இளைச்சிட்டீங்க?"

அந்தக் குரலைக் கேட்டதும் பாய் விரித்த பழைய சபை, அறுப்பின் பண்டிகைப் பூசணிக்காய் ஏலம், நெசவாளர் தெருவில் கூட்டமாய்ப் பாடிப்போன கிறிஸ்துமஸ் இரவுகள் எல்லாம் வந்து நின்றன. மனசு இளகித்தான் போயிற்று. ஆனாலும் கேட்டுவிட்டார்.

"போகப் போறதில்ல. அப்புறம் எதுக்குக்கா கை தூக்குறீங்க? ஆண்டவர்கிட்டயே பொய் சொல்ற மாதிரி இல்லையா?"

அவள் முகம் சுருங்கியது.

"தூக்கணும்னு தோணும், தூக்குவேன். வேணாம்னா தூக்கல தம்பி."

பிரசங்கம் முடிந்தது. அருள்ராஜ் மைக்கில் கேட்டார்.

"ஊழியத்துக்கு யார் போவீங்க? கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. இன்னொரு முறை கேட்டார். ஆதிலட்சுமி அசையவில்லை.

ஆசிரியர் பயிற்சி முடித்த கனிமொழியின் கை மட்டும் மெல்ல எழும்பியது. துரையின் மகள்தான். கை காதுவரை வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பவும், முடியைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்துவிட்டு இறங்கிவிட்டது.

அருள்ராஜுக்குத் திக்கென்றது.

இதே சபையில் அவர் கையும் ஒருநாள் இப்படித்தான் காதோடு நின்றது. எல்லோரும் பார்ப்பார்களே என்ற கூச்சம். அப்போது பெண்கள் பக்கம் ஒரு புதுப்பெண் சட்டென்று கை தூக்கினாள். கல்யாணமாகி வந்தவளுக்கு ஊழியமா என்று சபையே அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சந்தடியில்தான், யாரும் கவனிக்காதபோது, அவர் கை மேலே போனது.

அந்தப் புதுப்பெண் ஆதிலட்சுமி.

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கைகளை முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டு, அவள் கனிமொழியையே தவிப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருள்ராஜ் மைக்கிலேயே சொன்னார்:

"ஆதிலட்சுமி அக்கா, உங்க கையைக் கொஞ்சம் தூக்குங்கக்கா."